இரவுக் காற்றை உள்ளே விடுங்கள்: குமரி மாவட்ட அலுவலகக் கட்டடங்களைக் குளிர்ச்சியாக வைக்க ஒரு முழு வழிகாட்டி

திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தைத் திறப்பவரைக் கேட்டுப் பாருங்கள். வெளியே மலைக்காற்று இதமாக வீசிக்கொண்டிருக்கும். கதவைத் திறந்ததும் அடுப்படி வெக்கை முகத்தில் அடிக்கும். சனி, ஞாயிறு இரண்டு நாள் வெயிலையும் சுவரும் தளமும் குடித்து வைத்திருக்கின்றன. ஜன்னல்களோ வெள்ளிக்கிழமை மாலையே சாத்தப்பட்டுவிட்டன. பத்து மணிக்கு ஏ.சி.யைப் போட்டால் அது முதலில் அந்தச் சுவர்களோடுதான் மல்லுக்கட்டுகிறது. மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் குளிர் எட்டும்போது மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

கனமான கட்டடம் குளிர்ச்சியாக இருக்கும் என்று பொதுவாக நம்புகிறோம். கனம் சேமிக்கும், அவ்வளவுதான். இரவில் காற்றுக்குத் திறந்துவிட்டால் அது குளிர்ச்சியைச் சேமிக்கும். பூட்டிவைத்தால் வெயிலைச் சேமிக்கும். நம் அலுவலகங்கள் காற்று குளிரத் தொடங்கும் மாலை ஆறு மணிக்குப் பூட்டப்பட்டு, வெயில் ஏறத் தொடங்கும் காலை பத்து மணிக்குத் திறக்கப்படுகின்றன. வீட்டில் யாராவது இப்படிச் செய்வார்களா?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் போன்ற ஊர்களில் இரண்டு மூன்று மாடிக் கான்கிரீட் கட்டடங்களில் இயங்கும் வங்கிக் கிளைகள், கூட்டுறவுச் சங்கங்கள், தணிக்கையாளர் அலுவலகங்கள், கணினி நிறுவனங்கள் ஆகியவற்றை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். செய்ய வேண்டிய வரிசை இது: நிழல், கூரை, காற்றுவழி, அதன் பிறகே கனம். இந்த வரிசையை மாற்றினால் பணம்தான் வீணாகும்.

முதலில், உங்கள் அலுவலகம் எந்தக் குமரியில் இருக்கிறது?

மாவட்டம் சிறியது, தட்பவெப்பம் ஒன்றல்ல. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் மழை குறைவு, காற்று உலர்ந்தது, பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை நன்றாக மாறும். கணவாய் வழியாக வரும் காற்றுக்காகவே முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் இரவிலும் வெப்பம் அதிகம் இறங்காது, ஈரப்பதமும் கூடுதல். குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் ரப்பரும் தென்னையும் சூழ்ந்த ஈரப் பூமி. குலசேகரம், பேச்சிப்பாறை போன்ற மலையடிவாரத்தில் இரவுகள் நன்றாகவே குளிர்கின்றன.

கனத்தை நம்பலாமா, காற்றை நம்பலாமா என்பதை இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் கருங்கல் பிரகாரத்தில் நண்பகலில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள், கல் குளிர்ந்திருக்கும். வெயில் படாத கல், இருபுறமும் திறந்த வெளி, இரவெல்லாம் அதன்மேல் தடவிப்போகும் காற்று ஆகிய மூன்றும் சேர்ந்த பலன் அது. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் வடமேற்கே பத்மநாபபுரம் அரண்மனையின் வழி வேறு. அங்கே மன்னர் அமைச்சர்களோடு அமர்ந்த மந்திரசாலையை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போனால் அதுவும் ஓர் அலுவலகம்தான். மரச்சட்டங்களைச் சாய்த்து அடுக்கிய ஜன்னல்கள், தாழ இறங்கும் ஓட்டுக்கூரை, உள்முற்றங்கள். அங்கே கனம் குறைவு. நிழலும் ஊடுகாற்றும்தான் வேலை செய்கின்றன. ஈரப் பகுதிக்கு அது பொருந்துகிறது.

வெப்பத் திணிவை, அதாவது கட்டடக் கனம் வெப்பத்தையும் குளிர்ச்சியையும் சேமிக்கும் திறனைப் பற்றிப் பேசும்போது ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 1996இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் கட்டடத்தைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ் அதில் கான்கிரீட் தளங்களை இரவுக் காற்றால் குளிரவைத்துப் பகலில் பயன்படுத்தினார். போற்றத்தக்க வேலை. ஆனால் ஹராரே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே இரவுக்குளிர் உறுதி. அதை அப்படியே குளச்சலில் நகலெடுத்தால் ஏமாற்றம்தான். ஆரல்வாய்மொழியிலோ குலசேகரத்திலோ அதே உத்தி பாதிக்கு மேல் கைகொடுக்கும்.

படி 1: ஒரு வாரம் அளந்து பாருங்கள்

வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டும் சிறிய டிஜிட்டல் கருவிகள் இரண்டு போதும். ஒன்றை அலுவலகத்தின் நடுவே, ஏ.சி. காற்று நேராகப் படாத இடத்தில் வையுங்கள். மற்றதை வெளியே, வடக்குச் சுவரோரம் வெயிலும் மழையும் படாத நிழலில் தொங்கவிடுங்கள். மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ ஒரு வாரம், காலை 6, பகல் 10, 2, மாலை 6, இரவு 9 ஆகிய நேரங்களில் குறித்துவையுங்கள். காலை 6 மணிக் கணக்கை இரவுக் காவலரிடம் ஒப்படைக்கலாம். வாரத்தில் ஒரு நாளாவது ஏ.சி. இல்லாமல் அளக்க வேண்டும்.

பார்க்க வேண்டிய முதல் எண், காலை 6 மணிக்கு உள்ளும் வெளியும் உள்ள வித்தியாசம். உள்ளே 3 டிகிரி அல்லது அதற்கு மேல் கூடுதலாக இருந்தால், இரவு முழுவதும் குளிர்ச்சி வாசலில் காத்திருக்கிறது, நீங்கள் உள்ளே விடவில்லை என்று பொருள். ஒரு டிகிரிதான் வித்தியாசம் என்றால் காரணம் இரண்டாக இருக்கலாம்: உங்கள் கட்டடம் ஏற்கெனவே நன்றாக மூச்சுவிடுகிறது, அல்லது வெளியிலும் குளிரவே இல்லை. பின்னது கடலோரத்தில் சகஜம். அங்கே இரவுக் காற்றைவிடப் பகல் நேர மின்விசிறிக்கும் நிழலுக்கும் முதலிடம் கொடுங்கள்.

மாலை 5 மணிக்கு மேற்குச் சுவரின் உட்புறத்தையும், மேல்மாடியென்றால் ஏணி வைத்து ஏறி மேல்தளத்தின் அடிப்பகுதியையும் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். கை சூடு உணர்ந்தால், அந்தப் பரப்பு இரவு பத்து மணிவரை உங்களுக்கு வெப்பம் அனுப்பிக்கொண்டிருக்கப்போகிறது.

எவ்வளவு குளிர்ந்தால் போதும் என்றும் ஒரு கணக்கு உண்டு. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இந்தியர்களுக்கென்றே உருவாக்கிய இதநிலைச் சூத்திரம் இடம்பெற்றிருக்கிறது. இயற்கைக் காற்றோட்டம் உள்ள கட்டடத்தில், கடந்த 30 நாள் வெளிவெப்பச் சராசரியை 0.54ஆல் பெருக்கி 12.83ஐக் கூட்ட வேண்டும். சராசரி 29 டிகிரி என்றால் விடை சுமார் 28.5. அதற்கு மேலும் கீழும் ஏறத்தாழ 2.4 டிகிரிவரை பெரும்பாலோர் சங்கடமின்றி வேலை செய்வார்கள். ஆகவே 24 டிகிரியைத் துரத்த வேண்டியதில்லை. 30க்குள் நிறுத்தி, தலைக்கு மேல் காற்று ஓடினால் போதும்.

படி 2: வெயிலை வெளியிலேயே நிறுத்துங்கள்

நாகர்கோவில் ஏறத்தாழ 8.2 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் 11ஐ ஒட்டியும் செப்டம்பர் 1ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து மாதமும் அது நமக்கு வடக்கே இருக்கிறது. ‘வடக்கு ஜன்னலுக்கு வெயில் வராது’ என்று வட இந்தியாவை மனத்தில் வைத்து எழுதிய நூல்கள் சொல்வது இங்கே செல்லாது.

4 அடி உயர ஜன்னலுக்கு எவ்வளவு சன்ஷேடு வேண்டும்? தெற்குச் சுவரில், டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் சுமார் 58 பாகை உயரத்தில் இருக்கும். ஜன்னலை முழுவதும் நிழலில் வைக்க இரண்டரை அடி நீட்டல் தேவை. வடக்குச் சுவரில், ஜூன் 21 நண்பகலில் உயரம் சுமார் 75 பாகை. ஓரடிக்குச் சற்று மேல் போதும். வழக்கமாகப் போடும் ஒன்றரை, இரண்டடி சன்ஷேடு வடக்கே தாராளம், தெற்கே சற்றுக் குறைவு. டிசம்பர் மழையும் மேகமும் உள்ள காலம் என்பதால் அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கிழக்கும் மேற்கும் வேறு கதை. தாழ வரும் வெயிலை எந்தச் சன்ஷேடும் மறைக்காது. மேற்குச் சுவருக்கு வராந்தாவோ, செங்குத்தான தடுப்புகளோ, ஜாலிச் சுவரோ வேண்டும். பழைய கட்டடமானால் ஜன்னலிலிருந்து ஓரடி தள்ளி மூங்கில் தட்டி கட்டுவதே மலிவான வழி. உள்ளே போடும் திரைச்சீலை தாமதமான தடுப்பு. கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பம் வந்ததுதான். மரம் வைக்க இடம் இருந்தால் கடலோரத்தில் உப்புக்காற்றைத் தாங்கும் பூவரசு, கடலிலிருந்து தள்ளியுள்ள ஊர்களில் புங்கை.

படி 3: கூரை

இந்த அகலாங்கில் மற்ற எந்தச் சுவரையும்விடக் கூரைமீதுதான் அதிக வெயில் விழுகிறது. மேல்மாடி அலுவலகங்களுக்கு இந்தப் படி முடியாமல் அடுத்த படி கிடையாது.

வெறும் கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாக வெள்ளை பூசிய தளம் கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். சுண்ணாம்பானாலும் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சானாலும் குமரியில் ஒரு சிக்கல் உண்டு: ஆண்டுக்கு இரண்டு பருவமழை. பாசி படிந்து கருத்துவிடும். அதனால் வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியிலோ பிப்ரவரியிலோ பாசியைச் சுரண்டிக் கழுவிவிட்டு ஆண்டுதோறும் பூசுங்கள். கோடைக்கு முன் வெள்ளையாக இருப்பதுதான் முக்கியம்.

இன்னும் நல்லது இரட்டைக் கூரை. ஒழுகலுக்குப் பயந்து மொட்டை மாடிக்கு மேல் இரும்புச் சட்டமிட்டுத் தகடு போடுவது நம் பக்கம் பரவலாகிவிட்டது. நான்கு பக்கமும் திறந்திருந்தால் அது முழுத் தளத்துக்கும் குடை. ஆனால் நாளடைவில் பக்கங்களை அடைத்துச் சாமான் அறையாக்கிவிடுகிறார்கள். அப்போது தகடு சூடாக்கிய காற்று வெளியேற வழியின்றித் தளத்தின்மேல் படுத்துக்கிடக்கும். அடைத்திருந்தால் தகட்டை ஒட்டி எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டடி உயரத்துக்காவது திறந்துவிடுங்கள்.

வெப்பத் தடுப்புப் பலகைகள் போடுவதாக இருந்தால் தளத்துக்கு மேலே போடுங்கள். கீழே ஒட்டினால் தளத்தின் கனம் அறையிலிருந்து துண்டிக்கப்படுகிறது.

படி 4: காற்றுக்கு வழி, திருடனுக்குத் தடை

இந்தப் படியில்தான் பெரும்பாலான முயற்சிகள் தோற்கின்றன. காரணம் பொறியியல் அல்ல; ‘ராத்திரி ஜன்னலைத் திறந்து போட்டால் யார் பொறுப்பு?’ என்ற கேள்வி. நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் அருமையாக ஜன்னல்கள் வைத்துக் கட்டினார்கள். ஒரு மழை இரவில் பதிவேடுகள் நனைந்தன. மறுநாளே எல்லாவற்றுக்கும் பூட்டு வந்தது, இன்றுவரை திறக்கவில்லை. ஆகவே இரவுக் காற்றுக்கென்று, யாரும் நினைவு வைத்துத் திறந்து மூட வேண்டியிராத, மழையும் மனிதரும் நுழைய முடியாத தனித் திறப்புகள் தேவை.

உள்வழி: ஜன்னலுக்குக் கீழேயோ தரையிலிருந்து ஓரடி உயரத்திலோ, வெளிப்பக்கம் சாய்ந்த சட்டங்களும் உட்பக்கம் கம்பியும் கொசுவலையும் கொண்ட திறப்பு. பகலில் மூட உள்ளே ஒரு மரக்கதவு. மந்திரசாலை ஜன்னலின் தத்துவம்தான். கடலோரத்தில் இரும்புச் சட்டம் துருவேறிச் சில ஆண்டுகளில் உதிரும். மரமோ அலுமினியமோ போடுங்கள். கொசுவலை காற்றைக் கணிசமாகக் குறைக்கும் என்பதால் திறப்பை ஒன்றரை மடங்கு பெரிதாக வையுங்கள்.

வெளிவழி: எதிர்ப்பக்கத்தில், முடிந்த அளவு உயரத்தில். வெப்பக்காற்று மேலேறும் என்பதால் உயர வித்தியாசமே இழுவிசை. உள்வழியும் வெளிவழியும் தலா 1 சதுர மீட்டர், இடையே 6 மீட்டர் உயரம், உள்ளுக்கும் வெளிக்கும் 3 டிகிரி வித்தியாசம் என்றால், காற்றே வீசாத இரவிலும் மணிக்குச் சுமார் 1,600 கனமீட்டர் காற்று தானாக ஓடும். இரண்டு மாடிக் கட்டடத்தில் மாடிப்படிக் கூண்டின் உச்சியைச் சாய்சட்டத் திறப்பாக மாற்றினால் இந்த உயரம் செலவில்லாமல் கிடைக்கிறது. மரநாயும் வௌவாலும் குடிபுகாதபடி கம்பிவலை அவசியம். தீயணைப்புத் துறையின் சான்று தேவைப்படும் உயரமான கட்டடங்களில் மட்டும் மாடிப்படியைக் காற்றுப்பாதையாக்காதீர்கள். தீ பிடித்தால் புகைக்கும் அதுவே பாதையாகிவிடும்.

எந்தப் பக்கம் உள்வழி? ஜூன் முதல் செப்டம்பர்வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று வரும். கடற்கரை மக்கள் கச்சான் என்று சொல்வது இந்த மேற்குக் காற்றைத்தான். அக்டோபர் முதல் வடகிழக்கு. மார்ச், ஏப்ரலில் பகலில் கடல்காற்று. இரவில் திசை திரும்பி, தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று. ஆக, கடலோர அலுவலகத்துக்கு இரவு உள்வழி கடலுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். கடலைப் பார்த்து ஜன்னல் வைத்துவிட்டோம், காற்று வந்துவிடும் என்பது பகலுக்கு மட்டுமே சரி.

பக்கத்துக் கட்டடம் ஒட்டிக் கட்டப்பட்டு, எதிரெதிர்த் திறப்புக்கு வழியே இல்லையென்றால் எக்ஸாஸ்ட் மின்விசிறிதான். வெளியேற்றும் பக்கம் உயரத்தில் பொருத்தி, டைமர் வைத்துவிடுங்கள். 200 வாட் மின்விசிறி இரவில் 9 மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட். ஒன்றரை டன் ஏ.சி. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அதைச் செலவழித்துவிடும்.

படி 5: கனத்தைக் கண்ணுக்குத் தெரியவிடுங்கள்

இப்போதுதான் ஃபால்ஸ் சீலிங்கைப் பற்றிப் பேசலாம். ஜிப்சம் பலகைக்கு மேல் ஒளிந்திருக்கும் கான்கிரீட் தளம், அலுவலகத்திலேயே பெரிய குளிர்ச்சிப் பெட்டகம். அதை மறைத்துவிட்டு ஏ.சி. வாங்குகிறோம்.

கணக்கைப் பாருங்கள். 100 சதுர மீட்டர் அலுவலகம், பத்துப் பேர், பத்துக் கணினிகள். ஒருவர் உடல் வெளியிட்டு அறையைச் சூடாக்கும் வெப்பம் சுமார் 70 வாட், கணினிக்கு 80 வாட், விளக்குகளுக்கு மொத்தம் 300. கூட்டினால் 1,800 வாட். எட்டு மணி நேரத்தில் 14.4 யூனிட் வெப்பம். கான்கிரீட் தளத்தில் ஒரு நாள் சுழற்சிக்குள் வெப்பம் ஊடுருவிப் பயன்படுவது ஏறத்தாழ 10 செ.மீ. ஆழம். 100 சதுர மீட்டருக்கு அது 24 டன் கான்கிரீட். ஒரு டிகிரி சூடேற அது சுமார் 6 யூனிட் வெப்பத்தை விழுங்கும். அதாவது வெயிலைத் தடுத்துவிட்டால், ஒரு முழு நாள் அலுவலக வெப்பத்தையும் வாங்கிக்கொண்டு தளம் இரண்டரை டிகிரிதான் ஏறுகிறது.

வாங்கியதை இரவில் திருப்பிக் கொடுக்க வேண்டுமே? 3 மீட்டர் உயர அறையில் 300 கனமீட்டர் காற்று. மணிக்குப் பத்து முறை அது மாறினால் 3,000 கனமீட்டர். ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் அது 1,000 வாட்டை வெளியேற்றும். 3 டிகிரி என்றால் ஐந்து மணி நேரத்தில் கணக்கு நேராகிறது. நடைமுறையில் காற்று தளத்தை முழுவதும் தொட்டுப் போவதில்லை என்பதால் இரவு 9 முதல் காலை 7 வரை வேண்டும். சீலிங் மின்விசிறிகளில் இரண்டை மெதுவாக ஓடவிட்டால் தளம் இன்னும் விரைவாகக் குளிரும்.

எச்சரிக்கை: மேல்மாடியில் படி 3ஐ முடிக்காமல் ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றாதீர்கள். வெயில் குடித்த தளம் நேராகத் தலைமேல் வெப்பம் பாய்ச்சும். கீழ்த்தளங்களிலும் இடைத்தளங்களிலும் தாராளமாகக் கழற்றலாம். எதிரொலி கூடும், அதற்குச் சுவரில் துணிப் பலகைகள் மாட்டிக்கொள்ளலாம். தரைவிரிப்பையும் எடுத்துவிடுங்கள். மேற்குச் சுவரை மறைத்து நிற்கும் இரும்பு அலமாரிகளை மட்டும் அப்படியே விடலாம். அந்தச் சுவரின் கனம் நமக்கு வேண்டாதது.

படி 6: நாள் ஒழுங்கு

கோடையில் வெளிக்காற்று உள்ளதைவிடக் குளிர்ந்ததும், பொதுவாக இரவு 8, 9 மணிக்கு, திறப்புகள் வேலையைத் தொடங்க வேண்டும். காலை 8க்குள் மூட வேண்டும். பகலில் உலர்ந்த கிழக்குப் பகுதியில், வெளியே உள்ளேயைவிட 2 டிகிரிக்கு மேல் சூடு என்றால், மூச்சுக்காற்றுக்குக் கொஞ்சம் விட்டு மற்றதைச் சாத்துங்கள். கடலோரத்திலும் மேற்கிலும் அப்படிச் சாத்தினால் புழுங்கும். அங்கே பகலிலும் ஊடுகாற்று ஓடட்டும். எங்கேயானாலும் சீலிங் மின்விசிறி அவசியம். உடல்மேல் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் படும் காற்று சுமார் 3 டிகிரி குளிர்ச்சிக்கு ஈடு. பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கும், தூரிகையில்லா மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. வகை 30 வாட்டுக்குள் அதே காற்றைத் தரும்.

ஏ.சி. தேவைப்படும் நாட்களில் திறப்புகளை மூடிவிட்டு 27 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் ஓடவிடுங்கள். இரவில் குளிர்ந்த தளம் இருந்தால் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு போட்டால் போதும். கணினி சர்வர் அறையை இந்த ஏற்பாட்டில் சேர்க்காதீர்கள். அதைத் தனியே மூடிக் குளிர்விக்க வேண்டும்.

மழை மாதங்களில் வேறு ஒழுங்கு. அப்போது வெளிக்காற்றே போதிய குளிர்ச்சி. இரவில் தள்ளி நிரப்பினால் ஈரம்தான் உள்ளே வரும். தரை வியர்க்கும், பதிவேடுகளில் பூஞ்சணம் பூக்கும். ஜூன் முதல் டிசம்பர்வரை மழை விட்ட பகல்களில் திறந்து, இரவில் டைமரை நிறுத்திவையுங்கள். பதிவறையைச் சுவரோரம் ஒட்டாமல் நடுவில் வைத்து, அலமாரிகளுக்கும் சுவருக்கும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு

நீள்பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். மாடிப்படி, கழிவறை, சாமான் அறை எல்லாம் மேற்கே போகட்டும். அவை வெயிலை வாங்கிக்கொள்ளும். அறையின் அகலம் உயரத்தைப்போல் ஐந்து மடங்கைத் தாண்டினால் ஊடுகாற்று நடுவிலேயே ஓய்ந்துவிடும். 3 மீட்டர் உயரத்துக்கு 15 மீட்டர் எல்லை. அதைவிட அகலமான மனையில் நடுவே ஒரு முற்றம் விடுங்கள். மேற்குச் சுவருக்கு, திருவனந்தபுரத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு நல்ல தேர்வு. செங்கற்களை நிறுத்திவைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் முறை அது. சுமார் கால் பங்கு செங்கல் மிச்சமாகும், வெற்றிடம் வெப்பத்தைத் தாமதப்படுத்தும். பழக்கமில்லாத கொத்தனாரிடம் முதலில் சுற்றுச்சுவரில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லிப் பாருங்கள். இரண்டு நாளில் கை பழகிவிடும்.

வரைபடம் கையெழுத்தாகும் முன் பொறியாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இரவு பத்து மணிக்குக் கட்டடத்தில் ஒருவரும் இல்லாதபோது காற்று எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியே போகும்? வரைபடத்தின்மேல் பென்சிலால் அந்த வழியை அவர் கோடிழுத்துக் காட்டட்டும். கோடு ஏதாவது பூட்டிய கதவில் முட்டி நின்றால், அந்தக் கதவுக்கு மேலே ஒரு வென்டிலேட்டர் வரைந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.